தடங்கலுக்கு வருந்துகிறோம்

மண்டபத்தின் பின்புறம், குப்பைத் தொட்டிகளை ஒட்டி
எங்கள் ஒளிபரப்பு வேன் நிற்கிறது.
பேர்னுவில் ஜனவரி. உறைந்த ஆற்றின்மேல்
யாரோ சைக்கிள் ஓட்டிப் போன தடம்.
கழிப்பறை ஜன்னல் வழியாக வெளியே வரும் கேபிளில்
ஒரு விரல் கனத்துக்குப் பனி உட்கார்ந்திருக்கிறது.
அதற்குள்தான் சிம்பொனி ஓடுகிறது.

நாற்பத்திரண்டு மைக். நாற்பத்திரண்டு குமிழ்.
ஹார்ப்காரி ஹெல்மியின் விரல் நரம்பைத் தொடும் முன்
அவள் மூக்கால் மூச்சிழுப்பது எனக்குக் கேட்கும்.
மூன்றாம் செல்லோவின் நாற்காலி கிறீச்சிடும்.
கண்டக்டர், பாவம், கூடவே முனகுவார்;
அதை நாடு கேட்காமல் காப்பாற்றுவது என் வேலை.

இரண்டாம் ஓபோ லீவி வாசிக்கும்போது
என் மோதிர விரல் ஒரு நெல்லளவு மேலே போகும்.
அவ்வளவுதான். சாரெமா தீவில் ஒருவர்
சூப் கிண்ணத்திலிருந்து தலை நிமிர்வார்.

என் கணவர் உர்மஸுக்கு
ஊழியர் குடும்பத்துக்கான இலவச டிக்கெட்,
பதினொன்றாம் வரிசை, தூணுக்கு இடப்பக்கம்.
வீடு திரும்பும் காரில் சண்டை.
"லீவி இன்றைக்கு என்னமாய் வாசித்தாள்!"
"யார், ஓபோவா? எங்கே இருந்தது ஓபோ?"
"சரி, உங்களுக்கு என்னதான் கேட்டது?"
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து
நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் எங்கோ காட்டுவார்.
பச்சை விளக்கு விழும்.
பத்தொன்பது வருடமாக ஒரே கச்சேரிக்குப் போய் வருகிறோம்,
ஒரே கச்சேரியை ஒருநாளும் கேட்டதில்லை.

சென்ற வியாழன், இரண்டாம் பகுதி நடுவில்
தாலினுக்குப் போகும் இணைப்பு அறுந்தது.
நாடு முழுக்கத் திரையில் ஒரு பூச்சாடி,
தடங்கலுக்கு வருந்துகிறோம்.
என் முன்னால் ஊசிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன,
யாருக்கும் இல்லாமல்.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.
வேனில் நான் வெறும் காலுறையோடுதான் இருப்பேன்;
அப்படியே பனியில் இருபது எட்டு,
சாமான் லிஃப்ட், ஓரக் கதவு.

முதலில் ஏமாற்றம்.
இவ்வளவு சின்னதா?
வயலின்கள் எங்கோ, கம்பளியில் சுற்றி வைத்ததுபோல.
லீவியின் கன்னம் உப்புவது தெரிகிறது, ஓபோவைக் காணோம்
(என் மோதிர விரல் தன்னால் காற்றில் உயர்ந்தது).
இருமல். மிட்டாய்த் தாள். ஈரக் கோட்டு நாற்றம்,
அதற்கு என்னிடம் குமிழே கிடையாது.

பிறகு டபுள் பாஸ்கள் நுழைந்தன,
காதைக் கேட்காமலே, பலகைத் தரை வழியாக.
பனி உருகிய காலுறையில் இறங்கி
முழங்கால்வரை ஏறின.
நான் பற்றியிருந்த பித்தளைக் கைப்பிடிக்குக்
குளிர்ஜுரம்போல ஒரு நடுக்கம்.
அது அடங்கிய இடத்தில்
எண்ணூறு பேர் மூச்சுவிட மறந்தார்கள்.
அதற்கு ஒரு சத்தம் இருக்கிறது.
இரைச்சல் என்று பெயர் வைத்து
வருஷக்கணக்காக நான் இறக்கிவிட்ட சத்தம்.

தூணுக்கு இடப்பக்கம் உர்மஸின் பின்தலை.
காது நுனி சிவந்திருந்தது.

ஆறு நிமிடத்தில் இணைப்பு வந்துவிட்டது.
ஓடிப்போய் உட்கார்ந்து, ஈரக் காலோடு,
கூரையில் தொங்கும் நாற்பத்தொன்றையும் நாற்பத்திரண்டையும்
மெல்ல மேலே தள்ளினேன்.
லீவியைக் கைவிடவும் மனம் வரவில்லை.

காலையில் சாரெமாவிலிருந்து தொலைபேசி.
தடங்கலுக்குப் பிறகு பின்னணியில் ஏதோ கோளாறாம்,
அறைக்குள் ஆட்கள் இருப்பதுபோல,
இரண்டு முறை எழுந்து போய்க் கதவைப் பார்த்தாராம்.

சோதித்தேன். மைக்குகள் இரண்டும் சரி.
"கோளாறு இல்லை" என்று பதிவேட்டில் எழுதிக்
கையெழுத்துப் போட்டுவிட்டு
குமிழ்களைப் பழைய இடத்துக்கு இறக்கினேன்,
முழுக்க இல்லை.